சேவுகன் எண் இரண்டு

இலுப்பூர் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்துகளுக்கு நேரம் குறிக்கும் வேலையைச் சேவுகன் பத்தொன்பது வருடமாகப் பார்த்துவந்தார். எந்த வண்டி எத்தனை மணிக்கு நகர வேண்டும் என்பதை நோட்டில் குறிப்பார். நேரம் வந்ததும் டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அந்தக் குரலை அறியாதவர்கள் ஊரில் இல்லை. குரலுக்குரிய ஆளை அறிந்தவர்கள் அவ்வளவாக இல்லை. மனைவி இறந்து ஒன்பது வருடம். பிள்ளை கிடையாது. தங்கச்சி ஒருத்தி கோயம்புத்தூரில் இருந்தாள். பொங்கலுக்குப் போன் செய்வாள். வேலை முடிந்து வாடகை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் மறுநாள் முதல் வண்டி வரைக்கும் அவர் வாய் திறக்க அவசியமில்லை. அப்படி மிச்சமான குரலைத்தான் பகலில் பேருந்துகளுக்குச் செலவழிக்கிறார் என்று ஒரு கண்டக்டர் சொல்வதுண்டு.

போன வருடம் தை முடியும்போது அவருக்கு இருமல் பிடித்தது. மாசி பிறந்தும் விடவில்லை. ஒருநாள் காலை அவர் அடக்கமாட்டாமல் இருமியதைப் புது டிரைவர் ஒருவன் புறப்படச் சொல்லும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் முன்னதாகவே வண்டியை நகர்த்திவிட்டான். பின்னால் போக வேண்டிய வண்டியின் முதலாளி சங்கத்தில் புகார் கொடுத்தார். சங்கச் செயலாளர் சேவுகனைக் கூப்பிட்டு, ஒன்று இருமலை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எல்லா டிரைவர்களுக்கும் புரிகிற மாதிரி இரும வேண்டும் என்றார். மறுநாளே சேவுகன் சீர்மை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சீர்மை நலவாழ்வு அறக்கட்டளைக்கு இலுப்பூர், பொன்னமராவதி, மணமேல்குடி என மூன்று ஊர்களில் ஆஸ்பத்திரி, தலைமையகம் புதுக்கோட்டையில். எல்லாவற்றின் வாசலிலும் 'ஒரே நெஞ்சு, ஒரே படம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். சேவுகன் அதைப் படித்தபோது அது ஏதோ குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் என்றுதான் நினைத்தார்.

எக்ஸ்ரே எடுத்த பெண்ணின் பெயர் மோகனப்ரியா. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். ஒன்பது வருடத்தில் தன் மூச்சைப் பற்றி ஒருவர் அக்கறையாகச் சொன்னது சேவுகனுக்கு அதுதான் முதல் தடவை. படம் டாக்டர் மணிமேகலையின் திரைக்குப் போனது. அவர் பார்த்த உடனேயே நெற்றியைச் சுருக்கினார். வலது பக்கம், காறையெலும்புக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைத் திட்டு. பிறகு பிரிண்டரிலிருந்து அச்சடித்த படத் தாள் வந்தது. அதை விளக்கில் வைத்துப் பார்த்தார். திட்டைக் காணோம்.

டாக்டர் திரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். எதிரில் உட்கார்ந்திருந்த சேவுகனை மட்டும் பார்க்கவில்லை. அவர் நல்ல டாக்டர்தான். ஆனால் அறக்கட்டளையில் ஒரு விதி இருந்தது. திரையும் அச்சும் ஒத்துப்போகாத படத்தை வைத்து எந்த மருத்துவரும் எதையும் எழுதக் கூடாது. முதலில், எல்லாத் திரையிலும் தாளிலும் படம் ஒரே சீராகத் தெரிகிறதா என்று பார்க்கும் படச் சீர்மைப் பிரிவின் சான்று வேண்டும். அதற்கு முந்தின வருடம் சான்று இல்லாமல் மருந்து எழுதிய ஒரு டாக்டரை அறந்தாங்கிப் பக்கம் ஒரு கண் முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் எலும்பு டாக்டர்.

ஆகவே சான்றுக்காகச் சேவுகன் தன் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு மற்ற கிளைகளுக்குப் போக வேண்டியதாயிற்று. பொன்னமராவதியில் திரை புதுசு. அதில் திட்டு இரண்டாகத் தெரிந்தது. அங்கிருந்த பிரிண்டரில் அமாவாசை மாதிரி ஒரே இருட்டு. மணமேல்குடியில் கடல் காற்று பட்டுத் துருவேறிய பழைய பிரிண்டர் ஒன்று இருந்தது. அது துப்பிய படத்தில் திட்டு மட்டுமல்ல, நெஞ்செலும்பே பாதிதான் இருந்தது. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது நெஞ்சு முழுக்கப் பாலைக் கொட்டியது போல வெளுத்திருந்தது. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு சான்று கொடுத்தது. இலுப்பூர்: 'உள்ளது.' பொன்னமராவதி: 'இருமுறை உள்ளது, ஒருமுறை இல்லை.' மணமேல்குடி: 'எலும்பு உள்ளது எனக் கருதப்படுகிறது.'

திரும்பி வரும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று சான்றுகளையும் மடியில் பரப்பி வைத்துக்கொண்டார். யாரிடமாவது காட்டிச் சிரிக்கலாம் போலிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார வந்தார். சேவுகன் இருமியதைக் கேட்டுவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தது. படச் சீர்மைப் பிரிவின் இயக்குநர் அடைக்கலம் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியை அவரே நகர்த்திப் போட்டார், காபி வரவழைத்தார். சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் புரிந்தது, மரியாதையெல்லாம் படத்துக்கு என்று.

"பதினாலு வருஷமா இப்படி ஒரு நெஞ்சுக்காகத்தாங்க காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அடைக்கலம். "ஒம்பது திரை, மூணு பிரிண்டர். ஒண்ணுல தெரிஞ்ச மாதிரி இன்னொண்ணுல தெரியல. இதைவிட நல்ல மாதிரிப் படம் எங்க கெடைக்கும்?"

திட்டு என்ன திட்டு என்று சேவுகன் கேட்டார். அது மருத்துவக் கேள்வி என்றும், இங்கே நடப்பது அதற்கும் முந்தைய வேலை என்றும் அடைக்கலம் பொறுமையாக விளக்கினார். திட்டு நெஞ்சில் இருக்கிறதா திரையில் இருக்கிறதா என்பது முடிவாகாமல் வைத்தியம் பார்த்தால், நாளைக்குத் திரைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை மனிதருக்குக் கொடுத்த பழி வந்து சேரும். சேவுகன் ஒத்துக்கொண்டார். காபி சூடாக இருந்தது.

அன்றிலிருந்து அந்த நெஞ்சுக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. 'சேவுகன் மாதிரி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மூன்று கிளைகளிலும் தினமும் காலை எட்டு மணிக்கு அதை எல்லாத் திரைகளிலும் ஏற்றி, கறுப்பிலிருந்து வெள்ளை வரை பதினெட்டுச் சாம்பல் கட்டங்கள் போட்ட அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். திரையில் வெளிச்சம் பட்டு நிறம் மாறுகிறது என்று ஜன்னல்களை அடைத்தார்கள். சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். வெள்ளைச் சீருடை திரையில் எதிரொளிக்கிறது என்று நர்சுகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கும் பெண்களுக்கும் சாம்பல் சேலை கொடுத்தார்கள். டாக்டர்கள் படம் பார்ப்பதற்கு முன் கண் பழகுவதற்காகப் பத்து நிமிடம் இருட்டில் உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. பொன்னமராவதியில் ஒரு டாக்டர் அப்படியே தூங்கிவிட்டார். கண் நன்றாகப் பழகிவிட்டது என்று அவருக்குப் பாராட்டுச் சான்று வந்தது.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த நெஞ்சைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இலுப்பூரில் அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அதற்குச் சொந்தக்காரர் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ராத்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சான்று வந்துவிட்டதா என்று கேட்பார். குழு கூடியிருக்கிறது என்பார்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் தன் நெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அது நன்றாகத்தான் இருந்தது. உடம்பில் ஐந்து கிலோ குறைந்திருந்தது, படத்தில் குறையவில்லை.

குழு ஏழு முறை கூடியது. எவ்வளவு முயன்றும் மணமேல்குடி பிரிண்டரை மற்றவைபோலத் தெளிவாக்க முடியவில்லை. புதிதாக வாங்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, வாங்கினால் அது மற்றவற்றிலிருந்து வேறுபடும் என்று பதில் வந்தது. கடைசியில் அடைக்கலத்துக்கே வழி தோன்றியது. மங்கலானதைத் தெளிவாக்க முடியாது. தெளிவானதை மங்கலாக்கத் தடையேதும் இல்லை. ஒரே வாரத்தில் ஒன்பது திரைகளும் மற்ற இரண்டு பிரிண்டர்களும் மணமேல்குடியின் மங்கலுக்கு இறங்கி வந்தன.

பங்குனி மாதம் தலைமையகத்தில் விழா எடுத்தார்கள். சேவுகனுக்கும் அழைப்பு இருந்தது. மேடையில் அவருடைய நெஞ்சுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள், இருமல் ஒலிபெருக்கியில் கேட்கக் கூடாது என்று. அடைக்கலம் உணர்ச்சி ததும்பப் பேசினார்.

"பெரியோர்களே, ஊழியப் பெருமக்களே. இரண்டு மாதங்களுக்கு முன் நம் நிலைமை என்ன? ஒரே நெஞ்சு இலுப்பூரில் நோய், பொன்னமராவதியில் சந்தேகம், மணமேல்குடியில் ஆரோக்கியம். மக்கள் யாரை நம்புவார்கள்? இன்று அந்தக் குழப்பம் தீர்ந்தது. எந்த ஊரில், எந்தத் திரையில், எந்தத் தாளில் பார்த்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலையை எட்டியிருக்கிறோம். மருத்துவர்களுக்கிடையே கருத்து வேற்றுமை அடியோடு ஒழிந்தது. போன வாரம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் படம் எடுத்தோம். ஒருவருக்கும் எந்த நோயும் இல்லை. இது எந்த மருந்தாலும் ஆகாத சாதனை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சேவுகனை மேடைக்கு அழைத்துச் சான்றைக் கொடுத்தார்கள். 'ஒன்பது திரைகளிலும் மூன்று அச்சுகளிலும் ஒரே சீராக ஒன்றும் காணப்படவில்லை' என்று அதில் இருந்தது. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரிக்க வாயைத் திறந்தபோது இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்தினார். எடுத்துப் பார்த்தால் துண்டில் ரத்தம்.

அதை அவர் அடைக்கலத்திடம் நீட்டிக் காட்டினார். அடைக்கலம் குனிந்து அக்கறையோடுதான் பார்த்தார்.

"இது கலருங்க" என்றார். "நாங்க கறுப்பு வெள்ளை மட்டுந்தான். கலர் வேற பிரிவு. இன்னும் ஆரம்பிக்கல."

சேவுகன் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயில் கண்ணைக் கூசவைத்தது. சாம்பல் சுவருக்குள் இருந்துவிட்டு வந்தவருக்கு ரோடு, வேப்பமரம், ஆட்டோ எல்லாமே அதிகத் தெளிவாக இருந்தன. பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். இதை இப்போது யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தார். பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை வண்டி ஏற்றிவிட்டிருக்கிறார். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. தங்கச்சிக்குப் போன் போடலாம் என்று எடுத்தார். பொங்கலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. பையில் போட்டுக்கொண்டார்.

பின்னால் விழாக் கூடத்திலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மோகனப்ரியா. சாம்பல் சேலையின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேராக அவரைப் பார்க்காமல் பேசினாள். அன்று படம் எடுத்தபோதே திரையில் திட்டைப் பார்த்து, அது என்ன நோய் என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு வருடம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம், வாயைத் திறந்தால் அனுப்பிவிடுவார்கள், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன் என்றாள். சொல்லச் சொல்ல அழுதாள்.

"இதுக்குப் படமே வேணாங்கய்யா. நாளைக்குக் காலையில சாப்பிடுறதுக்கு முன்னால சளியை ஒரு டப்பாவுல எடுத்துக்கிட்டுக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு நாள்ல சொல்லிருவாங்க. போவீங்கள்ல?"

"போறேன் ஆத்தா."

"வீட்டுல கூட யாரு இருக்கா?"

சேவுகன் வண்டி வரும் திசையைப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் இன்னும் அழும். "வண்டி வந்திருச்சு" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார்கள். காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும், ஒருநாளும் விடக் கூடாது என்றார்கள். மாத்திரை கையோடு கிடைத்தது. முதலில் கொஞ்ச நாள் கூட்டத்தில் போகாதீர்கள் என்று சொன்னதை அவர் சுலபமாகவே கடைப்பிடித்தார்.

பேருந்து நிலையத்தில் அவருக்குப் பதிலாக ஒலிபெருக்கியில் ஒரு பதிவைப் போட்டார்கள். யாரோ ஒரு பெண்ணின் குரல். பேருந்து எண்ணையும் நேரத்தையும் இனிமையாகச் சொல்லும். காற்று இந்தப் பக்கம் வீசினால் அறை வரைக்கும் கேட்கும். வண்டிகள் நேரத்துக்குப் போயின. பழைய ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதை, தேநீர்க் கடைக்காரர் அவருக்கு ஆறுதல் போலவே சொன்னார்.

அந்த ஆறு மாதமும் காலை ஏழரைக்கு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். சேவுகன், மாத்திரை போட்டாச்சா என்பாள். போட்டாச்சு என்பார். அவ்வளவுதான். ஆனாலும் ஏழு மணிக்கே முகம் கழுவித் தலை சீவி அந்தப் போனுக்காக உட்கார்ந்திருப்பார். புரட்டாசியில் நோய் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருக்குச் சந்தோஷம்தான். மறுநாள் ஏழரைக்குப் போன் வரவில்லை. எட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து துணி துவைத்தார்.

மறுபடி வேலைக்கு வர வேண்டுமானால் நெஞ்சு சுத்தமாக இருப்பதற்கு முத்திரை போட்ட படம் வேண்டும் என்றது பேருந்து முதலாளிகள் சங்கம். அதுவும் சீர்மை முத்திரை. செயலாளர் இப்போது அறக்கட்டளையில் கௌரவ உறுப்பினர். சேவுகன் மறுபடி படம் எடுத்துக்கொண்டார். இருக்கும் மங்கலிலும் ஒரு விஷயம் தெரிந்தது: ஆறு மாத மாத்திரையில் சதை போட்டு, நெஞ்சுக் கூடு அகன்றிருந்தது. பதிவேட்டில் 'சேவுகன்' என்ற பெயரில் இருக்கும் மாதிரிப் படத்தோடு இந்தப் படம் ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. தலைமையகத்துக்கு அனுப்பினார்கள்.

அடைக்கலம் இந்த முறை எழுந்திருக்கவில்லை. மாதிரிப் படத்தை மாற்றினால் இதுவரை சீராக்கிய எல்லாமே குலைந்துவிடும் என்றார். "நீங்க மாறிட்டீங்க. படம் மாறல. அப்ப யார் மேல தப்பு, நீங்களே சொல்லுங்க" என்றார். வருத்தம் அவர் குரலில் உண்மையாகவே இருந்தது. ஆனாலும் கருணை காட்டினார். சேவுகனை 'சேவுகன் எண் இரண்டு' என்று புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரே ஒரு படிவம். இன்னார்தான் இவர் என்பதை, அவரை ஐந்து வருடத்துக்கு மேலாக நெருக்கமாக அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால் மாலைக்குள் முத்திரை.

சேவுகன் படிவத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மோகனப்ரியாவுக்கு அவரைத் தெரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளை ஆனியிலேயே நிறுத்திவிட்டதாகவும் கேள்வி. நெருக்கமாக அறிந்தவர். பேனாவைத் திறந்தார், மூடினார்.

பெஞ்சின் மறுகோடியில் ஒருவர் அதே போன்ற ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, கழுத்தைச் சுற்றித் துண்டு. துண்டுக்குள் இருமினார். அந்த இருமலைச் சேவுகனுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். பெயர் பக்கீர் முகமது, மணமேல்குடியில் படகுகளுக்குக் கயிறும் மிதவையும் விற்கும் கடை. மனைவி இல்லை. மகன் சவூதியில், தம்மாமில். ஒன்றரை மாத இருமல். படத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், தெரிந்தவர் ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். மூன்று நாளாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

"கடைக்கு நூறு பேரு வாராங்க. எல்லாருக்கும் கயிறு தெரியும்" என்றார் பக்கீர்.

சேவுகன் தன் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பக்கீரின் படிவத்தை வாங்கிக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் எழுதினார்கள்.

பக்கீர் பேனாவை நிறுத்தினார். "எத்தனை வருஷமாத் தெரியும்னு கேட்டிருக்குங்க. என்ன போட?"

"பன்னெண்டு போடுங்க. போகப் போகத் தெரிஞ்சுக்கலாம்."

பக்கீர் போட்டார். பிறகு துண்டை வாயில் வைத்து நெடுநேரம் இருமினார். இருமல் நின்றதும் துண்டைச் சட்டென்று சுருட்டி மறைத்தார். சேவுகன் அதைப் பார்த்துவிட்டார். கூடத்துக் கடிகாரத்தையும் பார்த்தார். பதினொன்றே கால். அரசு ஆஸ்பத்திரியில் சளி வாங்குவது பன்னிரண்டு வரைக்கும்தான். இரண்டு படிவங்களையும் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தார். முத்திரையும் சங்கத்து வேலையும் நாளைக்கும் இருக்கும் என்று தோன்றியது.

"எந்திரிங்க பாய். இங்கிட்டு வேணாம். நான் கூட வாரேன்."

பக்கீர் முகமது எதற்கு என்று கேட்கவில்லை. கூட வருகிறேன் என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இருவரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள்.

மாலை நாலு மணிக்கு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சேவுகன் எண் இரண்டு என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை.